கும்மிடிப்பூண்டி மார்க்கம்: கூட்ஸ் வண்டியை இரவுக்குத் தள்ளினால் தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் மின்சார ரயில் தாமதமாகும்போதெல்லாம் பயணிகள் கேட்பது ஒன்றுதான்: 'கூட்ஸ் வண்டிகளை ராத்திரியில் விடுங்கள்.' கேட்க நியாயமாக இருந்தாலும், தாமதம் எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் இந்தக் கோரிக்கை பாதி நோய்க்கு மருந்து, மீதி நோயை வளர்க்கும்.

அத்திப்பட்டைத் தாண்டினால் போக ஒரு பாதை, வர ஒரு பாதை, அவ்வளவுதான். கூடூர் வழியாக விஜயவாடா, ஹவுரா, டெல்லி செல்லும் எக்ஸ்பிரஸ்கள், நிலையத்துக்கு நிலையம் நிற்கும் மின்சார ரயில், நிலக்கரியும் கன்டெய்னரும் ஏற்றிய சரக்கு ரயில் எல்லாம் அதே இரும்பில்தான் ஓட வேண்டும். பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் கூட்ஸை லூப் லைனில், அதாவது நிலையத்தில் மெயின் லைனிலிருந்து பிரிந்து மீண்டும் அதில் சேரும் பக்கப் பாதையில், ஒதுக்குவார்கள். மின்சார ரயில் பயணிகளின் நிமிடங்கள் பெரும்பாலும் கரைவது இந்த ஒதுக்கலில்தான்.

58 வேகன் கொண்ட நிலக்கரி ரேக் (ஒன்றாகக் கோத்து ஓடும் வேகன் தொடர்), இன்ஜினையும் சேர்த்தால் 650 மீட்டர் நீளம் வரும். லூப் லைனில் வண்டி நிற்கக் கிடைக்கும் வழக்கமான இடம் 686 மீட்டர். இரு முனையிலும் சேர்த்து மிஞ்சுவது 36 மீட்டர். லூப்பின் கடைசியில் சிகப்பு சிக்னல். அதைத் தாண்டிவிடக் கூடாதே என்று லோகோ பைலட் ஊர்ந்துதான் உள்ளே வருவார். சற்று முன்னதாகவே நிறுத்திவிட்டால் வால் வேகன் மெயின் லைனுக்கு இடைஞ்சலாக நிற்கும். அது உள்ளே போகும்வரை, வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் பாயிண்டைத் திருப்ப முடியாது. பின்னால் வரும் மின்சார ரயில், நிலையத்துக்குள் நுழைய அனுமதி தரும் ஹோம் சிக்னலுக்கு வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக நடந்தாலும் கணக்கு இடிக்கிறது. பழைய '8½-க்கு ஒன்று' வகைப் பாயிண்ட் (எட்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் விலகும் கிளை) என்றால் அதன்மேல் மணிக்கு 15 கி.மீ. வேகம்தான். அந்த வேகத்தில் 650 மீட்டர் வண்டி முழுதும் உள்ளே போக இரண்டரை நிமிடத்துக்கு மேலாகும். '12-க்கு ஒன்று' வகையில் 30 கி.மீ. வரை போகலாம்; அதே வேலை ஒன்றேகால் நிமிடத்தில் முடியும். புறப்படும்போது இன்னும் மோசம். பிரேக் பைப்பில் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 5 கிலோ வரை ஏறி, கடைசி வேகன் வரை பிரேக் விட்டால்தான் வண்டியை நகர்த்தலாம். 5,000 டன்னுக்கு மேல் இழுக்கும் இன்ஜின் 30 கி.மீ. வேகத்தை எட்டவே இரண்டு நிமிடம் தாண்டும். மின்சார ரயில் அதை அரை நிமிடத்துக்குள் எட்டிவிடும். ஒரு கூட்ஸை லூப்பில் போட்டு எடுப்பதென்றால், அதை நிற்காமல் ஓடவிட்டால் ஆகும் நேரத்தைவிடப் பல நிமிடம் பாதை கூடுதலாக அடைபடும்.

இரவுக்கு வருவோம். கடைசி மின்சார ரயிலுக்கும் முதல் மின்சார ரயிலுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில்தான் தண்டவாளத்துக்கு வைத்தியம் நடக்கிறது: பற்றவைப்பு, ஜல்லியை இறுக்கும் இயந்திரம், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மேல்நிலைக் கம்பி வேலை. சரக்கு முழுவதையும் அந்த நேரத்தில் திணித்தால் இந்த வேலைகள் பகலுக்கு வரும். 'பராமரிப்புப் பணி காரணமாகப் புறநகர் ரயில்கள் ரத்து' என்ற செய்தியை உங்கள் நாளிதழ் இன்னும் அடிக்கடி அச்சிட வேண்டியிருக்கும். முழுச் சுமை ஏற்றிய வேகன் 90 டன்னைத் தாண்டும். ஓர் அச்சுக்கு 22.9 டன். அந்த எடை ஓடும் பாதைக்குப் பராமரிப்பு கூடுதலாகத் தேவைப்படும், குறையாது.

எனவே கேட்க வேண்டியது வேறு. காலை 7 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் அத்திப்பட்டு–கும்மிடிப்பூண்டி இடையே கூட்ஸை நுழைய விடாமல், தெற்கே தண்டையார்பேட்டை யார்டிலும் வடக்கே கூடூர்ப் பக்கமும் நிறுத்தி வைக்கலாம். மற்ற நேரத்தில், மறுமுனை வரை வழி கிடைத்த பிறகே உள்ளே விட வேண்டும். நடுவில் எங்கும் லூப்பில் போடக் கூடாது. ஓட்டுநரின் பணி நேரம் தீரும் தறுவாயில் உள்ள வண்டியை நுழைய விடவே கூடாது. மாற்று ஆள் வரும்வரை லூப்பை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டி, லூப்பே இல்லாததற்குச் சமம். கூட்ஸ் ஒதுங்கும் லூப்களில் 8½ வகைப் பாயிண்ட் எங்கெல்லாம் மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் 12 வகைக்கு மாற்ற வேண்டும். லூப்பைக் கூடுதலாக 60, 70 மீட்டர் நீட்டினாலே லோகோ பைலட் தயங்காமல் உள்ளே வருவார். நிலம் பெரிதாகத் தேவைப்படாத வேலைகள் இவை.

லூப்பில் நிற்கும் கூட்ஸ் தாமதத்துக்கு மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 11 இரவு, கவரைப்பேட்டையில் மெயின் லைனுக்குச் சிக்னல் பெற்று வந்த மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்ற சரக்கு ரயில்மீது மோதியது.

மூன்றாவது, நான்காவது பாதை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரக்கோணம் மார்க்கத்தில் நான்கு பாதை இருந்தும், 2025 ஜூலை 13 விடியற்காலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய கூட்ஸ் தடம்புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தபோது நான்கிலும் ஓட்டம் நின்றது. அதற்காகக் கூடுதல் பாதை வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் வரைபடம் போடும்போதே அத்திப்பட்டைக் கவனிக்க வேண்டும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரி ரேக் புதிய சரக்குப் பாதையைப் பிடிக்க மின்சார ரயில் பாதையைத் தரைமட்டத்தில் குறுக்கே வெட்டிப் போகும்படி அமைத்தால், ஒவ்வொரு ரேக்குக்கும் 650 மீட்டர் கடக்கும்வரை இரு திசையும் நிற்கும். அந்த இடத்தில் ரயில்மேல் ரயில் செல்லும் பாலம் திட்டத்தில் உண்டா என்பதைத் தெற்கு ரயில்வே டெண்டருக்கு முன்பே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மீஞ்சூர்.