சென்னைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் எங்களிடம் நிரப்பி வாங்கும் மருத்துவப் படிவத்தில் ‘மருந்தின் அளவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் அங்கேதான் திணறுகிறோம். ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று கேட்டால், எந்த நாளில், என்ன சாப்பிடப் போகிறாள், அதற்குப் பிறகு ஓடப் போகிறாளா என்று நான்தான் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ‘மாறும்; அவளிடம் கேட்கவும்’ என்று எழுதினால் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

இது இனிப்பு தின்று வந்த நோய் இல்லை. (ஸ்டாஃப் ரூமிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.) இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது. கணையம் போட்டுவந்த கணக்கை இனி அவள்தான் போட வேண்டும். அதுவும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. வயதுக்கு வரும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்குள் அடங்கியது ஒன்றரைகூட ஆகலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்குச் சர்க்கரை ஏறும், வந்தபின் இறங்கும். அப்போதும் ஏற்றிய அளவையே போட்டால் ‘லோ’ ஆகிவிடும், அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும் என்பதால் இன்சுலினை நிறுத்தவே கூடாது.

இதில் உங்கள் கையில் இருப்பது நேரம். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் பேச்சு நீள்கிறது. ஊசி காத்திருக்காது; சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். எழுந்து போய்ச் சாப்பிட அவளை விடுங்கள். விளையாட்டு விழா ஒத்திகை என்றால் முதல் நாளே சொல்லுங்கள். மாலையில் ஓடியதற்கு நள்ளிரவில்கூடச் சர்க்கரை இறங்கும்; அன்றைய அளவை நாங்கள் குறைக்க வேண்டியிருக்கும்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே போனால் நர்ஸ் அறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். இருந்த இடத்திலேயே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். ஊசியை வகுப்பிலேயே போட்டுக்கொள்ளட்டும், கழிவறை அதற்கான இடமில்லை. பயன்படுத்தாத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் ஏப்ரலுக்கு உங்கள் ஃபிரிட்ஜில் ஒரு ஓரம் போதும்.

பொதுத்தேர்வுக்கே குளுக்கோஸ் மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-இல் அனுமதித்துவிட்டது. எந்த வாரியப் பள்ளியானாலும், மாதத் தேர்வுக்கு அதே அனுமதியைத் தர உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். காலாண்டுத் தேர்வுக்குள் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
பெரம்பூர், சென்னை