ஆலயத்துக்குள்ளே தொலைந்த புத்தகம்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வாலிபர் கூட்டம், இத்தனைக்கும் நடுவில் வேதம் வாசிக்க நேரம் எங்கே அண்ணா என்று கேட்டிருந்தாய். உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் இல்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் ஓடினேன். சபையில் பிரசங்கம் செய்யவேண்டிய வாரத்தில் மட்டும் வேதத்தைத் திறப்பேன். வாசிக்கும்போதே இதைச் சபையில் எப்படிச் சொல்லலாம் என்றுதான் மூளை ஓடும். எனக்கென்று ஒரு வசனம்கூட மிஞ்சாது.

வேதத்தில் 2 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். யூதாவை ஆண்ட யோசியா ராஜாவின் ஆட்சியில் 18-ஆம் வருஷம், எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கிறார்கள். தச்சர், கொத்தர், மரம், கல் என்று வேலை மும்முரம். அந்தச் சமயத்தில் இல்க்கியா என்ற பிரதான ஆசாரியர் தேவனுடைய கட்டளைகள் அடங்கிய நியாயப்பிரமாண புத்தகத்தைக் கண்டெடுக்கிறார். எங்கே? ஆலயத்துக்குள்ளேயே! சம்பிரதி, அதாவது ராஜாவின் எழுத்தர், சாப்பான் அதை ராஜாவிடம் கொண்டுபோகிறான். போனவன் முதலில் சொல்வது பணக் கணக்கு. அப்புறம்தான், ஆசாரியர் ஒரு புத்தகம் கொடுத்தார் என்கிறான். ஏதோ ஒரு புத்தகம், அவ்வளவுதான். அதை வாசிக்கக் கேட்ட ராஜாவோ துக்கத்தில் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார்.

அந்தப் பணக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. ஆசாரியர் இருந்தார், காணிக்கை வந்தது, கூலி போய்ச் சேர்ந்தது. புத்தகத்தைக் காணோமே என்று யாரும் தேடியதாக மட்டும் அந்த அதிகாரத்தில் இல்லை. உன் கடிதத்தைப் படித்தபோது சாப்பான் ஞாபகம்தான் வந்தது. என் ஞாபகமும் வந்தது என்று சேர்த்துக்கொள்.

சரி, என்ன செய்யலாம்? ஜனவரி 1-ஆம் தேதி அட்டவணை போட்டுக் குதிக்காதே. வேதத்தில் 1,189 அதிகாரங்கள், தினம் மூன்று நான்கு வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். கணக்கு சுலபம்தான். ஆனால் என் பழைய வேதத்தின் அடையாள நாடா பல மாதம் லேவியராகமம் 13-இலேயே கிடந்தது. தோல் நோய்கள், துணியில் வரும் பூசணம் என்று 59 வசனங்கள்! 1842-இல் தன் சபைக்கு இப்படியொரு வாசிப்பு அட்டவணை போட்டுக்கொடுத்த ஸ்காட்லாந்து போதகர் மெக்செயினே, இது வெறும் சடங்காகிவிடலாம், சிலருக்குச் சுமையாகிவிடலாம் என்று கூடவே எச்சரித்தார்.

விட்டுப்போன நாளுக்கு வட்டி கட்டப் பார்க்காதே. மூன்று நாள் பாக்கி, பன்னிரண்டு அதிகாரம் என்று கணக்குப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் மொத்தமாக நிறுத்துகிறார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவன் கொடுத்த மன்னா என்ற உணவைக் காலைதோறும் போய்ப் பொறுக்கினார்கள். மீதி வைத்தது புழுத்து நாறியது. நேற்றையது போனால் போகட்டும், இன்றைக்குரியதை எடு.

மாற்கு சுவிசேஷத்திலிருந்து ஆரம்பி. 16 அதிகாரம்தான், தினம் ஒன்று போதும். போனைத் தொடுவதற்கு முன்னால் உட்கார். ஞாயிறு பள்ளி நோட்டுப் பக்கத்தில் இருக்கவே கூடாது, பாடத்துக்கு வேறு நேரம் எடுத்துக்கொள்.

முதல் அதிகாரம் 35-ஆம் வசனம் வந்ததும் கொஞ்சம் நில். முந்தின சாயங்காலம் பட்டணமே வாசலில் கூடி நின்றது. மறுநாள் இருட்டோடு எழுந்து இயேசு தனியாக ஜெபிக்கப் போகிறார். பின்னாலேயே போய்க் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள் சீமோனும் கூட இருந்தவர்களும். அவர் என்ன பதில் சொன்னார் என்று நீயே வாசித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்