கட்டுப்பாட்டாளர் 'இறங்கு' என்றபோதும் விமானி ஏறினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவானில் இரு விமானங்கள் நெருங்கிய செய்தி வரும்போதெல்லாம், 'கட்டுப்பாட்டு அறையின் உத்தரவை விமானி மீறினார்' என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டு வருகிறது. விமானத்திலேயே உள்ள டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி கட்டளை கொடுத்திருந்தால் அது மீறல் ஆகாது. உலகெங்கும் விதியே அதுதான்.

மோதலைத் தவிர்க்க உதவும் இந்த டிகாஸ் தரையை நம்பி இயங்குவதில்லை. சுற்றிலும் பறக்கும் விமானங்களின் டிரான்ஸ்பாண்டரை (கேட்டால் உயரம் போன்ற விவரத்தைப் பதிலாக அனுப்பும் வானொலிக் கருவி) ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை விசாரித்து, அவை எவ்வளவு வேகமாக நெருங்குகின்றன என்று கணக்கிடுகிறது. அதன் கணக்கு பெரும்பாலும் நொடிகளில்தான். பறக்கும் உயரத்தைப் பொறுத்து, மோதக்கூடிய கணத்துக்கு 20 முதல் 48 நொடி முன்னதாக 'டிராஃபிக், டிராஃபிக்' என்று எச்சரிக்கும். விமானிகள் இதை டி.ஏ. என்பார்கள். 15 முதல் 35 நொடி முன்னதாக 'கிளைம்ப்' (ஏறு) அல்லது 'டிசென்ட்' (இறங்கு) என்று கட்டளை வரும். அது ஆர்.ஏ.

டி.ஏ. வந்ததும் விமானத்தைத் திருப்பிவிடும் விமானிகள் உண்டு. அது தவறு. திரையில் எதிர் விமானம் தெரியும் திசை துல்லியமானதல்ல. அதை வைத்து இடமா வலமா என்று முடிவெடுக்க முடியாது. டி.ஏ.வின் வேலை, விமானியைத் தயார்நிலைக்குக் கொண்டுவருவது மட்டுமே. ஆர்.ஏ. வந்தால்தான் செயல், அதுவும் 5 நொடிக்குள். பெரும்பாலான விமானங்களில் ஆட்டோபைலட்டைத் துண்டித்து, கையால் ஓட்டி, ஏறும் இறங்கும் வேகம் காட்டும் கருவியில் முள்ளைப் பச்சைப் பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். வழக்கமாக அது நிமிடத்துக்கு 1,500 அடி. அந்த வேகத்தில் 20 நொடி போனால் 500 அடிதான் மாறும், அது போதும். பதற்றத்தில் 3,000, 4,000 என்று இழுத்தால் மேலோ கீழோ பறக்கும் மூன்றாவது விமானத்தின் உயரத்துக்குள் நுழையலாம். பெல்ட் போடாத பயணிகள் கூரையில் மோதுவார்கள். நிலைமை மோசமானால் கருவியே 'இன்கிரீஸ்' என்று 2,500 அடி கேட்கும். சில வேளை திசையையே மாற்றச் சொல்லும். அப்போது அவகாசம் இரண்டரை நொடி.

இனி முக்கியமான இடம். இரண்டு விமானங்களிலும் டிகாஸ் இருந்தால் இரண்டும் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன: நீ ஏறு, நான் இறங்குகிறேன். கட்டுப்பாட்டாளருக்கு இந்த ஒப்பந்தம் தெரியாது. அவருடைய ரேடார் படம் 4 முதல் 12 நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது, ஆர்.ஏ. வந்த செய்தி பெரும்பாலான இடங்களில் அவர் திரைக்கு வருவதும் இல்லை. விமானி சொன்னால்தான் உண்டு. அதனால் அவர் நல்லெண்ணத்தோடு சொல்லும் 'இறங்கு' அந்த ஒப்பந்தத்தைக் குலைத்துவிடலாம்.

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் இரு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானங்கள் அப்படித்தான் நெருங்கின. கட்டுப்பாட்டாளர் விமான எண்ணை மாற்றிச் சொல்லி, இறங்க வேண்டியதற்குப் பதிலாக மற்றதை இறங்கச் சொன்னார். அதன் டிகாஸ் 'ஏறு' என்று சொல்லியும் விமானி இறங்கினார். கடைசி நேரத்தில் கண்ணால் பார்த்து விலகியதால் மோதவில்லை. ஆனாலும் சுமார் 100 பேர் காயமடைந்தனர். அடுத்த ஆண்டு ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே, டிகாஸ் 'ஏறு' என்று சொல்லியும் கட்டுப்பாட்டாளர் சொற்படி இறங்கியது டியூ-154 என்ற ரஷ்யப் பயணிகள் விமானம். டிகாஸ் சொற்படி இறங்கிய போயிங் 757-உடன் அது மோதியதில் 71 பேர் இறந்தனர், பெரும்பாலோர் குழந்தைகள். ஆர்.ஏ.வுக்கும் கட்டுப்பாட்டாளரின் சொல்லுக்கும் முரண் வந்தால் ஆர்.ஏ.வே செல்லும் என்பதைச் சர்வதேச விதிகள் ஐயத்துக்கு இடமின்றி எழுதியது இதற்குப் பிறகுதான். ஆர்.ஏ.வை அலட்சியம் செய்வதைவிட மோசமானது ஒன்று உண்டென்றால், அதற்கு எதிர்த்திசையில் போவது.

கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாமே என்பார்கள். அடிவானம் தெளியாத உயரத்தில், மேலே இருக்கும் விமானம் கீழே இருப்பதுபோல் தோன்றும். பார்த்த விமானமும் கருவி சொன்ன விமானமும் ஒன்றா என்பதே உறுதியில்லை.

கருவியும் தவறு செய்ய வைத்திருக்கிறது. டிகாஸ் மென்பொருளின் பழைய பதிப்பில் இருந்த 'அட்ஜஸ்ட் வெர்ட்டிகல் ஸ்பீட்' என்ற குரல், ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் குறைக்கச் சொல்வது. சிலர் அதைக் கூட்டினார்கள். 7.1 பதிப்பில் அதை நீக்கி 'லெவல் ஆஃப்' (ஏறாமல் இறங்காமல் பற) என்று வைத்த பிறகுதான் அந்தக் குழப்பத்துக்கு வழி அடைபட்டது.

எல்லைகளும் உண்டு. தரையிலிருந்து ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே ஆர்.ஏ. வராது. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ஹெலிகாப்டருடன் மோதிய பயணிகள் விமானத்துக்கு டி.ஏ. மட்டும்தான் வந்தது. டிரான்ஸ்பாண்டர் இயங்காத விமானம் டிகாஸுக்குத் தெரியவே தெரியாது. 2006இல் பிரேசிலில் 154 பேர் இறந்த மோதலில் அதுவே நடந்தது. தரை மோதல் எச்சரிக்கையும், இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்கான எச்சரிக்கையும் ஆர்.ஏ.வுக்கு மேற்பட்டவை.

ஆர்.ஏ. வந்தவுடன் விமானி வானொலியில் சொல்ல வேண்டியது 'டிகாஸ் ஆர்.ஏ.' மட்டும். அதன்பின் கருவியிலிருந்து 'கிளியர் ஆஃப் கான்ஃபிளிக்ட்' (மோதல் அபாயம் நீங்கியது) என்ற குரல் கேட்டு, பழைய உயரத்துக்குத் திரும்புவதாக விமானி சொல்லும்வரை கட்டுப்பாட்டாளர் அவருக்கு ஏறவோ இறங்கவோ உத்தரவிடக் கூடாது.

தேவையற்ற ஆர்.ஏ.க்கள் பலவற்றுக்கு எளிய காரணம், ஒதுக்கப்பட்ட உயரத்தை நெருங்கியும் வேகமாக ஏறிக்கொண்டே இருப்பது. இந்த விமானம் மேலே பறக்கும் விமானத்துக்கு 1,000 அடி கீழேயே நின்றுவிடும் என்று டிகாஸுக்குத் தெரியாது. கடைசி 1,000 அடியில் ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் கீழே வைத்தால் பாதிப் பிரச்சினை எழாது. நெருங்கிய செய்தியை எழுதும் நிருபர்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான்: வந்தது டி.ஏ.வா ஆர்.ஏ.வா, எந்தத் திசையில், அதற்கு முன் விமானம் எவ்வளவு வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது?

இப்படிக்கு,
விமானப் பயிற்சித் துறையிலுள்ள வாசகர்