கண்டென்சர் மூட்டுக் கசிவு: உங்கள் மறுப்புக் கடிதம் தொடர்பாக

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் கொம்பனியிடம் ஒரே தொகுதியில் குளிரூட்டிகளுக்கான ஆறு அலுமினியக் கண்டென்சர் வாங்கிப் பூட்டினேன். ஐந்து மாதத்துக்குள் மூன்றில் கேஸ் இறங்கிவிட்டது. சவர்க்கார நுரை தடவிப் பார்த்தால் மூன்றிலும் ஒரே இடம்: தட்டைக் குழாய் பெரிய குழாயோடு சேரும் மூட்டில் கடுகளவு குமிழி மெல்ல மெல்ல ஊதுகிறது.

“கடற்காற்று அரித்தது, உத்தரவாதம் செல்லாது” என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளவத்தை வீடு கடற்கரையோரம்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் தெமட்டகொடையில் அல்லவா இருக்கின்றன?

மனம் ஆறாமல் இரண்டு மூட்டுகளை அறுத்து, அக்கா மகன் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். பிசினில் பதித்து, அரத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, வைரப் பசையால் கண்ணாடிபோல் மினுக்கி, நுணுக்குக்காட்டியில் நூறு மடங்கில் பார்த்தோம். அரிப்பென்றால் வெளித்தோலில் குழி விழுந்து உள்ளே இறங்கியிருக்க வேண்டும். வெளிப்பக்கமோ வழவழவென்று இருக்கிறது. உள்ளேதான் உருண்டை உருண்டையாக வெற்றிடங்கள். சிலவற்றில், ஒட்டுமுன் உலோகத்தின் மேற்படலத்தைக் கலைக்கப் பூசும் பிளக்ஸ் சாம்பல் நிறத்தில் அப்படியே அடைபட்டுக் கிடக்கிறது. குழாய்ச் சுவரோரம் தலைமயிர்போல ஒரு கருங்கோடு ஓடுகிறது. அந்த நீளத்துக்கு, உலையில் உருகி மூட்டை ஒட்டவைக்க வேண்டிய நிரப்புலோகம் ஒட்டவேயில்லை.

அலுமினியத்தின் ஒட்சைட்டுப் படலம் 2,000 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். உலைச் சூட்டுக்கு அது அசையாது, பிளக்ஸ்தான் கலைக்க வேண்டும். இங்கே கலைக்கவில்லை. இரண்டாவது மூட்டிலோ நேர்மாறு: நிரப்புலோகம் குழாயையே கரைத்துத் தின்று, சுவர் பாதியாக மெலிந்திருக்கிறது. அலுமினிய-சிலிக்கன் நிரப்பு 577 பாகையில் உருகத் தொடங்கும். 640 தாண்டினால் குழாயும் இளகிவிடும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் உங்கள் உலை எல்லா மூலையிலும் ஒரே சூட்டில் நிற்கவில்லை என்பதே என் முடிவு. கடற்காற்று இதைச் செய்யாது.

தெமட்டகொடை வாடிக்கையாளர், “பழைய சாமான் பூட்டினீங்களா?” என்று என் முகத்துக்கே கேட்டார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் முதல்தடவையாக இந்தச் சொல்லைக் கேட்டேன்.

பழுதான மூன்றையும் மாற்றித்தர வேண்டும். மற்ற மூன்றும் கசியுமுன் திருப்பி எடுங்கள். நான் கைக்காசில் அடித்த கேஸுக்கான பணத்தையும் தந்து, மறுப்புக் கடிதத்தை எழுத்தில் மீளப்பெறுங்கள்.

படங்களை இணைத்துள்ளேன். அறுத்த துண்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பொறியியலாளர் வரட்டும், நேரிலேயே காட்டுகிறேன்.

இங்ஙனம்,
குளிரூட்டி பழுதுபார்ப்பு நிலைய உரிமையாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.