மாத்திரைக்கு முன்னால் ஜீன் சீட்டு எதற்கு?

ஹெபடைடிஸ் சி சிகிச்சை மையப் பொறுப்பு மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். மையத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை; இரண்டு வரி படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். வைரல் லோடு (ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் சி வைரஸின் அளவு) பாசிடிவ் என்று வந்த பிறகும் "ஜீனோடைப், ஐஎல்28பி வெளியே எடுத்துட்டு வாங்க" என்று நீட்டப்படும் அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். ஜீனோடைப் என்பது வைரஸ் எந்த வகை என்று பார்ப்பது; ஐஎல்28பி என்பது நோயாளியின் ஜீனைப் பார்ப்பது. அதை நிறுத்துங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

ஐஎல்28பி ஒரு காலத்தில் முக்கியமான பரிசோதனைதான். 19ஆம் குரோமோசோமில் அந்த ஜீன் அருகே உள்ள ஓர் எழுத்து வேறுபாடு சிகிச்சைப் பலனைப் பாதிக்கிறது என்று 2009இல் தெரியவந்தது. அப்போது உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் ஊசி வாரம் ஒன்று, தினமும் ரிபாவிரின் மாத்திரை, ஜீனோடைப் 1 என்றால் 48 வாரம். அந்த இடத்தில் இரண்டு சி எழுத்து, அதாவது 'சிசி' வகை உள்ளவர்கள் குணமாகும் வாய்ப்பு இரண்டு டி உள்ள 'டிடி' வகையினரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு வருட ஊசி வேதனைக்கு முன் அதைப் பார்ப்பதில் நியாயம் இருந்தது. ஆனால் இப்போதைய மாத்திரைகளான சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் வைரஸையே நேராக அடிக்கின்றன. நோயாளியின் இன்டர்ஃபெரான் ஜீன் சிசியா டிடியா என்று அவை காத்திருப்பதில்லை. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் முதல்முறை சிகிச்சைக்கு ஜீனோடைப் கேட்கவில்லை: சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) இல்லையென்றால் சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்ளடாஸ்விர் 60 மி.கி., 12 வாரம். இருந்தால் டக்ளடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர்.

இந்தச் சீட்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். பேர்ணாம்பட்டில் பீடி சுற்றும் ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வருகிறார். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று உங்களுக்குத் தெரியாததல்ல. வெளியே ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்கள். ஐஎல்28பிக்கு வேண்டியது மனித டிஎன்ஏ, அது வெயில் தாங்கும். ஜீனோடைப்புக்கு வேண்டியது வைரஸின் ஆர்என்ஏ, அது தாங்காது. உடனே சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைக்காமல், முழு ரத்தமாகவே மாலை வண்டி வரும்வரை மேஜையில் கிடந்தால் ஆர்என்ஏ சிதையும். வேலூருக்கு அக்னி நட்சத்திரம் தனியாக வரவேண்டியதில்லை. பத்து நாள் கழித்து "வகைப்படுத்த இயலவில்லை, மறு மாதிரி தேவை" என்று வருகிறது. மறுபடி பஸ், மறுபடி பணம், மறுபடி கூலி போன நாள். இத்தனைக்கும் மாத்திரை உங்கள் அலமாரியில் இலவசமாக இருக்கிறது!

கேட்க வேண்டியதைக் கேட்டால் பரவாயில்லை. எஸ்ஜிஓடி என்னும் கல்லீரல் நொதி 80, ஆய்வகத்தில் அதன் இயல்பான உச்ச அளவு 40, பிளேட்லெட் 1 லட்சம் என்றால், 80ஐ 40ஆல் வகுத்து, நூறால் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரங்களாக எண்ணினால் வரும் நூறால் வகுத்தால், கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஏப்ரி மதிப்பெண் 2. சிரோசிஸ் என்று சந்தேகிக்க அது போதும். ஒரு பேனா, ஒரு துண்டுக் காகிதம். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பிஎஸ்ஏஜி பாருங்கள், சி வைரஸ் அடங்கும்போது பி வைரஸ் தலைதூக்கலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாஸெபைன், டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இவை மாத்திரையின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். இந்தக் கேள்விக்குச் சீட்டில் இடமே இல்லை. ஆதார் நகலுக்கு மட்டும் இரண்டு கட்டம்.

ஜீன் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்து முடித்தும் வைரஸ் திரும்பியவருக்கு, அதிலும் ஜீனோடைப் 3, சிரோசிஸ் என்றால், டக்ளடாஸ்விர் தாக்கும் வைரஸின் என்எஸ்5ஏ பகுதியில் ஒய்93ஹெச் என்ற ஜீன் மாற்றம் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் டக்ளடாஸ்விர் வலுவிழக்கும். அது சிலருக்கு மட்டும் வேண்டிய செலவு. வாசலில் வரும் எல்லாருக்கும் அல்ல.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்தச் சீட்டை நிறுத்துங்கள். வைரல் லோடு வந்த அன்றே முதல் மாத மாத்திரையைக் கொடுங்கள். மருந்து முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி வைரல் லோடு பார்க்க வேண்டிய தேதியை அதே அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்ட ஆய்வக ஊழியர்கள் சிலர்