கிணற்று நீர் அளக்கத் துணை நின்றவர்களுக்கு நன்றி

பாம்பன் கரையோரப் பெற்றோருக்கும், படகுத் தொழிலாளர்களுக்கும், பாசி எடுக்கும் அக்காமார்களுக்கும் எங்கள் மேல்நிலைப் பள்ளி நீர்க்குழுவின் வணக்கம்.

கிணற்று நீர் அளப்பது பற்றிய கூட்டத்தை இரண்டு நாள் வைக்கச் சொன்னவர்களுக்கு முதல் நன்றி. திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. வெள்ளி மாலை மட்டும் கூடினால் நாட்டுப்படகு வீட்டார் வர முடியாது. இப்போது திங்கள் மாலையும் கூடுகிறோம். இரண்டாவது கூட்டம் முடிந்தபிறகே தீர்மானம் எழுதுகிறோம். முன்பே எழுதிவிட்டால் திங்களன்று வருபவர்கள் வெறுமனே கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

அலமாரிச் சாவியையும் செலவு நோட்டையும் மாணவர்களிடமே கொடுத்த தலைமையாசிரியருக்கு மனமார்ந்த நன்றி. வேலையை மட்டும் பகிர்ந்து, முடிவைத் தன் மேசையில் வைத்துக்கொண்டால் அது கூட்டுப் பொறுப்பு ஆகாது. குழு மாதம் ஒருமுறை மாறும். பழைய குழு புதியவர்களோடு ஒரு வாரம் சேர்ந்து அளந்த பிறகே விலகும். இல்லாவிட்டால் நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைச் சரிபார்க்கும் பழக்கம் அதோடு நின்றுபோகும்.

மணல் கிணற்றில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மேல்நீரை மட்டும் அளந்தால் போதாது, அடியிலும் எடுங்கள் என்று சொன்னவர்கள் பாசி எடுக்கும் அக்காமார்கள்தான். ஒரு லிட்டர் பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டி, தக்கைக்குத் தனி நைலான் கயிறு முடிந்து கொடுத்தார் வலை பின்னும் அண்ணன் ஒருவர். பாட்டில் அடிக்குப் போனதும் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் போதும். மோட்டார் போடுமுன் ஒருமுறை, அரைமணி ஓடியபின் ஒருமுறை அளக்கிறோம்; அடிநீரில் எண் ஏறினால் உப்பு மேலே வருகிறது என்று பொருள்.

டிடிஎஸ் மீட்டரை 342 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 342 மில்லிகிராம்) கரைசலில் வாரம் ஒருமுறை சரிபார்க்கிறோம். முனையைக் கழுவாமல் வைத்தால் உப்புப் படிந்து எண் பொய் சொல்லும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்கலாம். வேறு நீரே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. கிருமியை இந்த மீட்டர் காட்டாது. கழிப்பறைக்கு அருகிலுள்ள கிணற்றுக்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

தங்கள் கிணற்றின் எண் மோசமாக இருந்தும் பலகையில் எழுதச் சம்மதித்த வீட்டாருக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

மே மாதத்தில் கிணறு இறங்கும், பள்ளியும் பூட்டியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுக் குடும்பங்கள் இரண்டு அந்த நாள்களில் அளப்பதாக ஏற்றிருக்கின்றன. சாவியும் நோட்டும் அவர்களிடம் இருக்கும்.