ராகி மாவுப் பையைக் கட்டிக்கொண்டு நடந்து பார்

கண்ணு,

குழந்தையை நெஞ்சோடு கட்டித் தூக்கும் கேரியர் என்று நேற்று ராத்திரி நீ அனுப்பிய மூன்று போட்டோவையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். "எதும்மா வாங்கட்டும்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போனில் சொன்னால் நடுவில் குட்டி அழும், நீ வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

வைகாசியில் நீங்கள் பெங்களூரிலிருந்து வரும்போது குட்டிக்கு இரண்டரை மாசம் ஆகியிருக்கும். தீர்த்தமலை வேண்டுதல், ஒகேனக்கல், காவேரிப்பட்டணத்தில் பெரியம்மா வீடு என்று நீ சொன்ன இடங்களில் தள்ளுவண்டி எங்கே உருட்டுவாய்? மலையில் படி, ஒகேனக்கல்லில் ஈரப்பாறை. நாள் முழுக்கக் கையிலேயே வைத்திருக்க ஆபரேஷன் ஆன உடம்பு தாங்காது. கேரியர் வாங்கு, எனக்குச் சந்தோஷம்தான். எதை வாங்குவது என்பதில்தான் பேச்சு.

முதல் போட்டோவில் இருப்பது உடம்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டும் நீளத் துணி. மெத்தென்று இருக்கும், பச்சைக் குழந்தைக்கு வீட்டுக்குள் அருமையானது. ஆனால் குழந்தையின் மேல் இரண்டு மூன்று அடுக்கு வரும், அதுவும் இழுத்தால் நீளும் துணி. நம்மூர் வைகாசி வெயிலில் இரண்டு பேரும் வெந்துவிடுவீர்கள். இரண்டாவது, வளையத்தில் கோத்துக் கட்டுவது. பால் கொடுக்க வசதி, அரை மணி நேரத்துக்குப் பரவாயில்லை, பாரம் முழுக்க ஒரே தோளில் விழுவதால் மதியத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்றாவதில் இடுப்புப் பட்டை இருக்கிறது, இரண்டு தோளுக்கும் அகலமான பட்டை இருக்கிறது. நீண்ட நேரத்துக்கு அந்த வகைதான். பாரம் இடுப்பில் உட்கார்ந்தால் தோள் தப்பிக்கும். ஆனால் அந்தப் படத்தில் குழந்தையை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, காலைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் பார், அப்படி மட்டும் வைக்காதே. கழுத்து நன்றாக நின்ற பிறகு, ஐந்தாறு மாசத்துக்கு மேல், அதுவும் கொஞ்ச நேரம் என்றால் சரி.

கால் விஷயத்தை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொல்லமாட்டார். பிறந்த குழந்தையின் தொடை எலும்பு உட்காரும் இடுப்புக் குழி இன்னும் குருத்தெலும்பாக இருக்கும். காலை நேராக நீட்டித் தொங்கவிட்டால் எலும்பு குழியை விட்டு விலகப் பார்க்கும். அதனால் குட்டியின் பின்பக்கத்தைவிட முட்டி கொஞ்சம் உயர்ந்து, தொடை இரண்டும் விரிந்து, தவளை மாதிரி உட்கார வேண்டும். கேரியரின் இருக்கைத் துணி ஒரு முட்டியின் மடிப்பிலிருந்து மறு முட்டியின் மடிப்பு வரை வருகிறதா என்று பார். குறுகலாக வெறும் கவட்டையை மட்டும் தாங்கினால் வேண்டாம். அகலத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால், அவள் வளர வளர அதுவே போதும்.

எடை குறைந்து பிறந்த பிள்ளைகளை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகக் கட்டி வைக்கும் கங்காரு முறையை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் ஆரம்பித்தார்கள். எங்களுக்கு நர்ஸ் வேலைப் பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுத்தபோதும் இதே தவளை உட்காரல்தான், நிமிர்ந்த உடம்பு, ஒரு பக்கம் திரும்பிய தலை. உன் கேரியரில் குட்டி அப்படித் தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறாய் என்று அர்த்தம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ இரண்டு மாசக் குழந்தை, 1996. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம்கூட ஆகவில்லை. பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்கு உன்னைச் சேலையில் தூளி மாதிரி தோளில் குறுக்காகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டம், வெயில், நீ சத்தமே இல்லாமல் இருந்தாய், நல்லாத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "குழந்த மூஞ்சி நீலம் பாய்ஞ்சிருக்குது" என்று கத்தினாள். உன் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தியிருந்தது. தூக்கி நிமிர்த்தியதும் மூச்சை இழுத்து அழுதாய். நான் அப்போதே கிராம நர்ஸ். ஊரில் எல்லாருக்கும் புத்தி சொல்கிற வேலை. இன்றைக்கும் அந்த பஸ்ஸை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும்.

பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்கு பலம் கிடையாது. தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கிவிடும், திணறுகிற சத்தம்கூட வராது. 2010-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் நாலு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளைகளைத் துணித் தூளியில் வைக்கும்போது கவனம் என்று எச்சரித்ததும் இதற்காகத்தான். அதனால் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உன் இரண்டு விரல் நுழைய வேண்டும். நீ குனிந்தால் அவள் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். துணி தொளதொள என்று இருந்தால் அவள் உள்ளே சரிந்துவிடுவாள், இறுக்கிக் கட்டு, முதுகில் கை வைத்து அழுத்தினால் அவள் மடங்கக்கூடாது. முகம் எப்போதும் உன் கண்ணில் படட்டும். கண்ணு பட்டுடும் என்று யாராவது முந்தானையை எடுத்து மூட வருவார்கள், உன் அத்தையே வந்தாலும் விடாதே. நான் சொன்னேன் என்று சொல், கோபம் என் மேல் இருக்கட்டும்.

துணி மெல்லிய பருத்தியாகவோ வலை வைத்ததாகவோ இருக்கட்டும். அவளுக்கு ஒரே ஒரு பருத்திச் சட்டை போதும். பிடரியில் தொட்டுப் பார், சூடும் வியர்வையுமாக இருந்தால் உடனே வெளியே எடுத்து நிழலில் வை, பால் கொடு. தண்ணீர் வேண்டாம், ஆறு மாசம் வரை தாய்ப்பால்தான். தீர்த்தமலையில் ராமர் தீர்த்தத்தை வாயில் ஒரு சொட்டு விடச் சொல்வார்கள், நெற்றியில் தடவினால் போதும் என்று சொல்லிவிடு.

வாங்குவதற்கு முன் குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டிப் பார். அட்டையில் குறைந்தபட்ச எடை போட்டிருக்கும், பலவற்றில் மூன்று, மூன்றரைக் கிலோ என்று இருக்கும், அவள் அதைத் தாண்டியிருக்கிறாளா என்று பார். இடுப்புப் பட்டை தையல் தழும்பின் மேல் படக்கூடாது, தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் அவளும் சரியான உயரத்துக்கு வந்துவிடுவாள். பக்கிளை யார் உதவியும் இல்லாமல் நீயே போடவும் கழற்றவும் முடிய வேண்டும். மாப்பிள்ளையும் கட்டிப் பார்க்கட்டும், பாதி நேரம் அவர்தான் தூக்கப்போகிறார்.

கேரியர் வீட்டுக்கு வந்ததும் அதில் குட்டியை வைக்காதே. நாலு கிலோ ராகி மாவை ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருபது நிமிஷம் நட, படி ஏறி இறங்கு. எங்கே அறுக்கிறது, எங்கே சரிகிறது என்று அதுவே காட்டிவிடும். கீழே எதையாவது எடுக்க வேண்டுமென்றால் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடு, குனியாதே. முதல் சில தடவை குட்டியைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே கட்டு.

அப்புறம் வண்டி. கேரியரில் கட்டிக்கொண்டு பைக்கில் ஏறவே ஏறாதே, தெரு முனை வரைக்கும்கூட. நாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022-இல் மத்திய அரசு விதி போட்டது. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். காரிலும் கேரியர் போதாது, பின்னால் பார்த்து உட்காரும் குழந்தை சீட் வேண்டும், அதற்குக் காசு குறைந்தால் அப்பா தருகிறார்.

மலைக்கு விடிகாலையில் போவோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளை வெளியே எடுத்துப் படுக்க வைத்துக் கை கால் ஆட்ட விடு. உனக்கு முடியவில்லை என்றால் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை குட்டியின் எடை பார்த்து அனுப்பு. மூன்றாவது கேரியரின் இருக்கை அகலத்தையும் டேப் வைத்து அளந்து சொல்.

அம்மா